கை காதைத் தொட்டா வயசு அஞ்சு

ஊர் பேரு சொல்ல மாட்டேன். காரைக்குடியில பஸ் ஏறினா அரை மணி நேரத்துல வந்துரலாம், அது போதும். ஒரு கொள்ளைக் கேஸ்ல மாட்டின பையன் கதை இது, அவன் பேரும் கிடையாது, தேதியையும் ஒண்ணு ரெண்டு நாள் முன்ன பின்ன தள்ளித்தான் எழுதுறேன், ஏன்னா இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவு அடையாளம் தெரியுற மாதிரி எதையும் வெளிய விடக்கூடாதுன்னு சொல்லுது, அதை விட முக்கியமா அவன் இப்ப எங்க தெருவுலதான் சைக்கிள்ல போய்க்கிட்டு வந்துக்கிட்டு இருக்கான்.

2023 ஐப்பசி, தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும், நல்ல மழை. எங்க ஊர் வீடுங்க எப்படின்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், முகப்பு ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல, நடுவுல வளவு (முற்றத்தைச் சுத்தின பகுதி), ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு போய்க்கிட்டே இருக்கும். இந்த வீடு ஒன்பது புள்ளிக்கு, அதாவது ஒன்பது குடும்பத்துக்குப் பங்கு. எட்டுப் புள்ளி சென்னை, கோயம்புத்தூர், மலேசியான்னு போயாச்சு, கல்யாணம், படைப்புன்னாதான் (முன்னோருக்குச் செய்யுற பூஜை) வருவாங்க. மிச்சம் ஒரே ஒரு ஆச்சி, 74 வயசு, வளவுல தன் பங்கு அறையில படுத்திருக்கும். அவ்வளவு பெரிய வீட்டுல ராத்திரி எரியுறது ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு.

வளவு முற்றத்துக்கு மேல கம்பி வலை போட்டிருக்கும்ல, அதுல ஒரு மூலை துருப்பிடிச்சு விட்டுப் போயிருந்துச்சு. பெரிய ஆளு நுழைய முடியாது, ஒல்லிப் பையன் நுழையலாம். அவன் பக்கத்து மாமரத்துல ஏறி, ஓட்டு மேல நடந்து, அந்த மூலை வழியா முற்றத்துல குதிச்சு, பின்வாசல் தாழ்ப்பாளைத் திறந்து விட்டான். ரெண்டு பேர் உள்ள வந்தாங்க, ஒருத்தன் 23, ஒருத்தன் 26. பையனோட அம்மா அந்த வீட்டுல பெருக்கித் துடைக்கிற வேலை, அதனால எந்தக் கதவு எங்க போகும்னு அவனுக்கு அத்துப்படி.

ஆச்சி பின்கட்டுக்குப் போகலாம்னு எந்திரிச்சிருக்கு. நேருக்கு நேர். பெரியவன் தள்ளி விட்டான், கல்தூண் அடியில போய் விழுந்துச்சு, வலது மணிக்கட்டு போச்சு. கழுத்துல கிடந்த 5 பவுன் செயின், ரெண்டு வெள்ளிக் குத்துவிளக்கு, ஒரு சாக்கு நிறைய மங்கு சாமான் (பழைய பீங்கான், எனாமல் பாத்திரங்க), எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வந்த வழியே போயிட்டாங்க. பையன் என்ன பண்ணான்னு ஆச்சிகிட்ட நானே கேட்டேன். "டார்ச் அடிச்சுக்கிட்டு நின்னான் வாத்தியார். ஓடவும் இல்ல, தடுக்கவும் இல்ல. என்னையப் பார்த்துக்கிட்டே நின்னான்." இதைத் தாண்டி அது ஒரு வார்த்தை கூட்டியோ குறைச்சோ எங்கயும் சொல்லல, போலீஸ்லயும் சரி கோர்ட்லயும் சரி.

நாலாம் நாளே மூணு பேரும் மாட்டிக்கிட்டாங்க. பெரிய துப்பறியுற வேலையெல்லாம் இல்ல. பழைய சாமான் வாங்குற கடையில மங்கு தட்டைக் கொண்டு போய் நீட்டியிருக்கானுங்க, கடைக்காரர் தட்டைத் திருப்பி அடியில பார்த்தா ஒரு புள்ளியோட இனிஷியல் பொறிச்சிருக்கு, அவருக்கு அந்த வீடு தெரியும், போன் போட்டுட்டார்.

இனிமேதான் என் பங்கு வருது.

போலீஸ் மூணு பேர் மேலயும் ஐபிசி 457, 380, 394, 397 எல்லாம் போட்டாங்க (ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலையிலதான் அமலுக்கு வந்துச்சு, இது அதுக்கு முந்தின கேஸ்). இதுல 397-தான் விஷயம். கொள்ளையடிக்கும்போது கொடுங்காயம் ஏற்படுத்தினா குறைஞ்சது 7 வருஷம். எலும்பு முறிஞ்சா சட்டப்படி அது கொடுங்காயம், எக்ஸ்ரேல ஆச்சி மணிக்கட்டு முறிஞ்சது பளிச்சுன்னு தெரியுது. இப்ப இளைஞர் நீதிச் சட்டம் 2015-க்கு வாங்க. குறைஞ்சபட்ச தண்டனையே 7 வருஷமோ அதுக்கு மேலயோ உள்ள குற்றம்னா அது கொடிய குற்றம். கொடிய குற்றம் பண்ணவனுக்கு 16 முடிஞ்சிருந்தா, அவனைப் பெரிய ஆளா நடத்தி விசாரிக்கலாமான்னு இளைஞர் நீதிக் குழுமம் ஒரு பூர்வாங்க மதிப்பீடு பண்ணும், 15-ஆவது பிரிவு. குற்றம் பண்ற அளவுக்கு மனசும் உடம்பும் இருந்துச்சா, விளைவு புரிஞ்சுதா, எந்தச் சூழ்நிலையில பண்ணான்னு பார்த்து, தேவைன்னா குழந்தைகள் கோர்ட்டுக்கு அனுப்பும். 16 முடியலைன்னா அந்தப் பேச்சே கிடையாது, என்ன பண்ணியிருந்தாலும் அதிகபட்சம் 3 வருஷம் சிறப்பு இல்லம், அதாவது தப்பு பண்ண சிறுவர்களை வச்சுத் திருத்துற இடம். (397-ங்கிறது காயம் ஏற்படுத்தினவனுக்கு மட்டுந்தான் ஒட்டும், கூட நின்னவனுக்கு ஒட்டாதுன்னு பையன் வக்கீல் தனியா ஒரு வாதம் வச்சிருந்தார், நல்ல பாயிண்ட்தான், ஆனா அது வரைக்கும் போகவே இல்ல.)

ஆக மொத்தம் ஒரு எக்ஸ்ரே பிலிமும், ஒரு பிறந்த தேதியும். பிறந்த தேதி எங்க இருக்கு? நான் தலைமையாசிரியரா இருந்த ஸ்கூல்ல, சேர்க்கைப் பதிவேட்டுல, என் கையெழுத்துல. 2.6.2007.

அப்படிப் பார்த்தா சம்பவத்தன்னிக்கு அவனுக்கு 16 முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு.

நான் ரிடையர் ஆகி ரெண்டு வருஷம். இப்ப இருக்குற எச்எம் போன் பண்ணி, சார் மஃப்டியில ஒரு எஸ்ஐ வந்திருக்கார், ரிஜிஸ்டர் கேக்குறார், நீங்களும் வந்தா நல்லாருக்கும்னார். சிறார் கேஸ்னா யூனிபார்ம் போட்டுக்கிட்டு வரக்கூடாது. போனேன். பக்கத்தைத் திருப்பின உடனே எனக்கு அந்த நாள் அப்படியே ஞாபகம் வந்துருச்சு.

2012 ஜூன். பையனோட அம்மா செங்கல் சூளை வேலைக்கு வெளியூர்ல இருந்து வந்திருந்துச்சு, இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. சர்டிபிகேட் எதுவும் கிடையாது. எப்பம்மா பொறந்தான்னேன். "தேதியெல்லாம் தெரியாது சார், நல்ல மழை, கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி." எங்க காலத்து வாத்தியார்ங்க எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன். பையனைக் கூப்பிட்டு, வலது கையைத் தலைக்கு மேல சுத்தி இடது காதைத் தொடுறான்னேன். தொட்டான், அதுவும் தலையைச் சாய்ச்சு ஏமாத்தித்தான் தொட்டான், எனக்கு நல்லா தெரியும். கார்த்திகைக்கு முன்னாடின்னு எழுதினா அஞ்சு வயசுக்கு அஞ்சு மாசம் குறையும், ஒண்ணாம் வகுப்புல சேர்க்க முடியாது, இன்னொரு வருஷம் சூளையில மண்ணுல உக்காந்திருப்பான். ஜூன் 2-ன்னு எழுதிட்டேன். சத்துணவாவது கிடைக்கும்னு.

போலீஸ்காரர் போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கும்போது அந்த வருஷப் பக்கத்தை நான் எண்ணிப் பார்த்தேன். சேர்ந்தது 31 பிள்ளைங்க. அதுல 11 பேர் ஜூன் முதல் வாரத்துல பொறந்திருக்காங்க. தமிழ்நாட்டுல ஒரு தலைமுறையே ஜூன்லதான் பொறந்துச்சு, நீங்க 40 தாண்டினவரா இருந்தா உங்க வீட்டுலயே ஒருத்தர் இருப்பார், பாருங்க.

அந்த ரெண்டு மூணு வாரம் ஊர்ல நடந்த பேச்சையும் சொல்லணும். டீக்கடையில எல்லாருக்கும் ஒரே பேச்சு, தூக்குல போடணும். கொலை நடக்கல, யாரும் சாகல, இருந்தாலும் தூக்கு. "பதினாறு வயசாம், ஓடு ஏறிக் குதிக்கத் தெரியுது, சின்னப் பயலாம்ல. சவுதி மாதிரி நாலு பேரை நடுத்தெருவுல போட்டாத்தான்ணே அடங்குவானுக." சொன்னது யாருன்னா, தனியா இருக்குற அம்மாவை ஊர்ல விட்டுட்டு திருப்பூர்ல வேலை பார்க்குற ஒருத்தர். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பயம் நிஜம். எங்க ஊர்ல பூட்டின வீடும் தனியா இருக்குற ஆச்சிங்களும்தான் பாதி. நானும் பேசினவன்தான். 2012 டிசம்பர்ல டெல்லி பஸ் சம்பவம் (நிர்பயா கேஸ்) நடந்தப்ப ஸ்டாப் ரூம்ல உக்காந்து, வயசாவது ஒண்ணாவது, ஆறு பேரையும் தொங்க விடணும்னு சத்தம் போட்டவன் நான். அதே வருஷம் ஜூன்லதான் ரிஜிஸ்டர்ல இந்தத் தேதியை இஷ்டத்துக்கு எழுதியிருக்கேன். ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்க்க எனக்குப் பதினோரு வருஷம் ஆயிருக்கு.

டெல்லி கேஸ்ல ஒருத்தன் 17 வயசு, 2013 ஆகஸ்ட்ல 3 வருஷம்னு தீர்ப்பு, 2015 டிசம்பர்ல வெளிய வந்துட்டான். அவன் வந்த ரெண்டே நாள்ல ராஜ்யசபாவுல புதுச் சட்டம் பாஸ், அதுலதான் இந்த 16 டு 18 கணக்கு வந்துச்சு. மத்தவங்கள்ல ஒருத்தன் ஜெயில்லயே செத்துட்டான், நாலு பேரை 2020 மார்ச் 20-ஆம் தேதி திகார்ல தூக்குல போட்டாங்க. புதுச் சட்டத்துலயும் ஒண்ணு மட்டும் மாறல, குற்றம் நடந்தன்னிக்கு 18 முடியாத யாருக்கும் தூக்கு கிடையாது, வெளிய வரவே வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது, 21-ஆவது பிரிவு. 1992-ல இந்தியா ஏத்துக்கிட்ட ஐநா குழந்தைகள் உரிமை ஒப்பந்தமும் இதைத்தான் சொல்லுது. சரி, அப்ப சிறுவனைத் தூக்குல போட மாட்டாங்கன்னு நிம்மதியா இருக்கலாமா?

இங்கதான் எனக்குத் தூக்கம் போச்சு. கோர்ட்டுக்குப் போகணுமேன்னு பையன் வக்கீலைப் பார்த்தப்ப அவர்தான் ரெண்டு தீர்ப்பைச் சொன்னார், அப்புறம் நானே தேடிப் படிச்சேன்.

முதலாவது பூனா கேஸ். 1994 ஆகஸ்ட், ஒரே வீட்டுல அஞ்சு பொம்பளைங்க, ரெண்டு குழந்தைங்க கொலை, அதுல ஒருத்தங்க கர்ப்பிணி. படிச்சா வயிறு கலங்கும். பிடிபட்டவங்கள்ல ஒருத்தனோட வயசை இருபதுக்கு மேலன்னு எழுதிட்டாங்க. 1998-ல தூக்கு, 2000-ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணிருச்சு. அவன் ராஜஸ்தான்ல ஒரு கிராமத்து ஸ்கூல்ல மூணு வருஷம் படிச்சவன், அங்க ரிஜிஸ்டர்ல பேரே கொஞ்சம் வேற மாதிரி இருக்கு, பிறந்த தேதி 1.2.1982. கணக்குப் போட்டா சம்பவத்தன்னிக்கு பன்னெண்டரை வயசு. இதை 2018-லதான் சுப்ரீம் கோர்ட்ல மனுவா போட்டாங்க, வயசு விஷயத்தை எந்தக் கட்டத்துலயும், கடைசித் தீர்ப்பு வந்ததுக்கு அப்புறமும் கூட கிளப்பலாம்னு சட்டத்துல இருக்கு, அந்தக் கதவுதான் காப்பாத்துச்சு. 2023 மார்ச் 27-ல விடுதலை. 28 வருஷத்துக்கு மேல உள்ள, அதுல பெரும்பகுதி தூக்குக் கைதியா. கருணை மனு பெண்டிங், அது பெண்டிங், இது பெண்டிங்னு நம்ம நாட்டுல இழுக்குறதைத் திட்டுறோம்ல, அந்த இழுவை மட்டும் இல்லைன்னா பன்னெண்டரை வயசுல பண்ண குத்தத்துக்கு ஒருத்தனைத் தொங்க விட்டுட்டு, அதுக்கப்புறம் ரிஜிஸ்டரைப் பார்த்திருப்போம். இல்ல, பார்த்திருக்கவே மாட்டோம்.

ரெண்டாவது டேராடூன். அதுவும் 1994. அந்தப் பையனுக்கு 14. அவன் கீழ்க்கோர்ட்லயே நான் அப்ப மைனர்னு சொல்லியிருக்கான். கீழ்க்கோர்ட் என்ன சொல்லுச்சு தெரியுமா, பேங்க்ல அக்கவுண்ட் வச்சிருக்க, அப்ப நீ மேஜர்தான். அதை வச்சுத் தூக்கு. ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட், ரிவ்யூன்னு எல்லாம் போச்சு. 2012-ல ஜனாதிபதி தூக்கை ஆயுளா மாத்தினார், அதுவும் 60 வயசு வரைக்கும் விடக்கூடாதுன்னு கண்டிஷன். 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் இவன் அப்ப சின்னப் பையன்தான், நாங்க ஒவ்வொரு கட்டத்துலயும் தப்பு பண்ணிட்டோம்னு ஒத்துக்கிட்டு விட்டுச்சு. 25 வருஷம் போச்சு.

ரெண்டு கேஸ்லயும் முக்கியமா கை கொடுத்தது ஒரு ஸ்கூல் பேப்பர். அதை எழுதின வாத்தியாரும் என்னை மாதிரி ஒருத்தராத்தான் இருப்பார். அவர் அங்க ஒரு பையனோட கையைத் தலையைச் சுத்தி வளைச்சுப் பார்த்தாரான்னு யாருக்குத் தெரியும். காப்பாத்துற பக்கம் எழுதியிருந்தா சரி, நான் எழுதின மாதிரி மாட்டி விடுற பக்கம் எழுதியிருந்தா?

நம்ம பையனுக்கு வருவோம். குழுமத்துல எனக்குச் சாட்சி சம்மன். நான் நினைச்ச மாதிரி கூண்டு, உயரமான மேடையெல்லாம் இல்ல, சாதாரண மேஜை, ஒரு மாஜிஸ்ட்ரேட் அம்மா, ரெண்டு பக்கமும் சமூக சேவை உறுப்பினர்கள், பையன் அவங்க அம்மா பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல.

"இந்தத் தேதி நீங்க எழுதினதா சார்?"

"ஆமாங்கம்மா."

"எதை வச்சு எழுதினீங்க?"

முப்பது வருஷ சர்வீஸ்ல இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த கல்வி அதிகாரி யாரும் கேக்காத கேள்வி. உள்ளதைச் சொன்னேன். கையைத் தலைக்கு மேல சுத்திக் காதைத் தொடச் சொன்னேம்மா, தொட்டான், அஞ்சு வயசுன்னு எழுதினேன். உறுப்பினர் ஒருத்தர் சிரிப்பை அடக்கிக்கிட்டார். மாஜிஸ்ட்ரேட் அம்மா சிரிக்கல, ஸ்டெனோகிட்ட வரி விடாம டிக்டேட் பண்ணாங்க. நான் பையனைப் பார்த்தேன், அவன் வலது கை மெதுவா மேல போய் தலைக்குப் பின்னாடி நின்னுச்சு, உடனே கீழ இறக்கிட்டான்.

நல்லவேளை, என் ரிஜிஸ்டர் மட்டும் இல்ல. நன்னடத்தை அலுவலர் சின்ன வயசுப் பொண்ணு, ஸ்கூட்டியில சுத்துற ஆள், அம்மாவோட பூர்வீக ஊர் வரைக்கும் போய் பேரூராட்சி பிறப்புப் பதிவைத் தோண்டி எடுத்துருச்சு. அரசு ஆஸ்பத்திரி பிரசவம், குழந்தை பேரு கிடையாது, 'ஆண்'னு மட்டும், அம்மா அப்பா பேரு, தேதி 2007 நவம்பர் மூணாவது வாரம். பையனோட அம்மா அன்னிக்குச் சொன்னது சரிதான், கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி. சட்டம் 94-ஆவது பிரிவுல ஸ்கூல் கொடுக்குற பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாவது சர்டிபிகேட் முதல்ல, அது இல்லைன்னா உள்ளாட்சி பிறப்புச் சான்று, ரெண்டும் இல்லைன்னாதான் எலும்பு டெஸ்ட். அரசுத் தரப்பு என் ரிஜிஸ்டரைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா அதே 2023 ஜூலையில, அதுவும் நம்ம தமிழ்நாட்டுல இருந்து போன ஒரு போக்சோ கேஸ்ல, டிசியும் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் 94 சொல்ற சான்று ஆகாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்துச்சு. பையன் ஒன்பதாவதோட நின்னவன், பத்தாவது சர்டிபிகேட் கிடையாது. ஆக பிறப்புப் பதிவுதான் நின்னுச்சு. பதினாறுக்கு மூணு வாரம் குறைச்சல்.

மூணு வாரம். தீபாவளி கழிஞ்சு ஓடு ஏறியிருந்தான்னா கதையே வேற.

டீக்கடையில இதைக் கேட்டு கொதிச்சுப் போயிட்டாங்க, தப்பிச்சுட்டான்னு. தப்பிச்சானா? கணக்கைப் பார்ப்போம். பிடிச்ச அன்னிக்கே லாக்கப்ல வைக்காம குழுமத்துல நிறுத்தினாங்க, மதுரை கூர்நோக்கு இல்லத்துல (விசாரணை முடியுற வரைக்கும் சிறுவர்களை வைக்கிற இடம்) விட்டாங்க. அங்கயும் எனக்கு பயம் இருந்துச்சு, ஏன்னா 2022 கடைசி நாள் செங்கல்பட்டுல இப்படி ஒரு இல்லத்துல 17 வயசுப் பையன் அடிபட்டுச் செத்து, அங்க வேலை பார்த்தவங்களையே கைது பண்ணி, நீதிபதி சந்துரு தலைமையில ஒருநபர் கமிட்டி போட்டாங்க. இல்லம்னு பேரு வச்சா இல்லம் ஆயிராது. இவன் விஷயத்துல அப்படி எதுவும் ஆகல. நாலு மாசத்துல முடிக்கணும்னு சட்டம், ஆறாவது மாசம் முடிஞ்சுது, குற்றம் உண்மைன்னு குழுமம் சொல்லி ஒரு வருஷம் சிறப்பு இல்லம். அங்க வெல்டிங் பழகினான், பத்தாவது தனித்தேர்வு எழுதி கணக்குல போயிட்டான். ஒரு வருஷம் முடிஞ்சு வந்தான். இப்ப ஆத்தங்குடி பக்கம் டைல்ஸ் போடுற பட்டறையில இருக்கான், கண்ணாடிப் பலகை மேல கலர் ஊத்துற வேலைக்கு இன்னும் விடல, சிமெண்ட் கலக்குறான். மாசத்துக்கு ஒரு தடவை அந்த ஸ்கூட்டிப் பொண்ணு வந்து பார்த்துட்டுப் போகுது.

மத்த ரெண்டு பேர்? 397, குறைஞ்சது 7 வருஷம், மேல ஆயுள் வரைக்கும் போகலாம், பேப்பர்ல பார்த்தா பயங்கரம். ரெண்டு பேரும் மூணே மாசத்துல பெயில்ல வந்துட்டாங்க. ஒருத்தன் பெயில்ல இருக்கும்போதே வேற ஊர்ல பூட்டின வீட்டுல மாட்டி, அது ஒரு தனி கேஸ். இந்தக் கேஸ்ல இன்னும் சாட்சி விசாரணையே முடியல. சாட்சி வந்தா வக்கீல் வரல, வக்கீல் வந்தா ஜட்ஜ் டிரான்ஸ்பர்.

தூக்குன்னா குத்தம் குறையும்னு சொல்றவங்களுக்கு என்கிட்ட பெரிய புள்ளிவிவரம் கிடையாது. 2012-ல அமெரிக்காவுல தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் முப்பது வருஷ ஆய்வையெல்லாம் கூட்டி அள்ளிப் பார்த்து, தூக்கு பயமுறுத்துதா இல்லையான்னு இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு கையை விரிச்சுட்டாங்க. நம்ம சட்ட ஆணையம் 2015-ல தீவிரவாதம், நாட்டுக்கு எதிரா போர் தொடுக்குறது தவிர மத்ததுக்குத் தூக்கு வேணாம்னு சொல்லுச்சு. தமிழ்நாட்டுல கடைசியா தூக்கு நடந்தது 1995-ல, சேலம் ஜெயில்ல ஆட்டோ சங்கர். நாடு முழுக்க 2004-ல இருந்து எண்ணினா எட்டுப் பேர். எட்டுப் பேருக்கு நடந்ததை நினைச்சுப் பயந்துக்கிட்டு ஒருத்தன் ராத்திரி ரெண்டு மணிக்கு மழையில ஓட்டு மேல நிப்பான்னு எனக்குத் தோணல. அந்தப் பையன்கிட்ட ஒரு நாள் கேட்டேன், அன்னிக்கு எதுக்குடா பயந்தேன்னு. "ஓடு உடைஞ்சிரும்னு பயந்தேன் சார்." வேற? "எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிரும்னு." 397 எல்லாம் அவனுக்கு கூர்நோக்கு இல்லத்துல பக்கத்துப் படுக்கைப் பையன் சொல்லித்தான் தெரியும்.

ஆச்சிக்கு என்ன ஆச்சுன்னு யாரும் கேக்குறதில்ல. மணிக்கட்டு சரியா கூடல, கொஞ்சம் கோணலா நிக்குது. குழம்புச் சட்டியை இறக்க முடியாது, முறுக்கு பிழிய முடியாது, தீபாவளிக்கு மலேசியா பேத்திக்கு இப்ப கடையில வாங்கித்தான் அனுப்புது. செயின் போனது போனதுதான், உருக்கியாச்சு. குத்துவிளக்கு ரெண்டும் கோர்ட்டு சொத்து அறையில டேக் கட்டிக் கிடக்கு. பையனோட அம்மாவை வேலையை விட்டு நிறுத்திட்டு, ஆறு மாசம் கழிச்சு ஆச்சியே கூப்பிட்டு விட்டுச்சு. மன்னிச்சிட்டீங்களான்னு நான் முட்டாள்தனமா கேட்டேன். "மன்னிக்கிறது என்ன வாத்தியார், இவ்வளவு பெரிய வீட்டை யாரு பெருக்குறது. அந்தப் பயல மட்டும் ரெண்டாங்கட்டுக்கு மேல விடாதேன்னு சொல்லியிருக்கேன்." முற்றத்துக் கம்பி வலை மூலையை வெல்டிங் வச்சு அடைச்சாச்சு. அடைச்சது அவன் இல்ல, வேற ஆள், காரைக்குடியில இருந்து.

போன வாரம் ஆச்சிக்கு மறுபடி சம்மன். பெரியவனுங்க கேஸ், அஞ்சாவது தடவை. நாலு தடவையும் போய் உக்காந்துட்டு சாட்சி சொல்லாம திரும்பி வந்துச்சு. வர்ற புதன்கிழமை வாய்தா, கார் வாடகை ஆயிரத்து இருநூறு சொல்றான், ஆயிரத்துக்குப் பேசியிருக்கேன். நானும் கூடப் போறேன்.